சண்முகசுந்தரி டீச்சரின் ஒரு நாள் உணவு

ஆவுடைநாயகத்துக்கு எழுபத்தெட்டு வயதில் முப்பத்தோரு பல் இருந்தது. குறைந்த ஒன்றும் சொத்தையில் போகவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் மாடிப்படியில் தடுக்கி விழுந்து போனது. ஒருமுறை பல் மருத்துவர் அவர் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, தன் உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, ஹீமோகுளோபின் பதினாலரை. டவுண் ரத வீதிகளைக் காலையில் இரண்டு சுற்று சுற்றி வந்து, எதிர்ப்படுகிறவரிடம், "உடம்பு அது பாட்டுக்கு ஓடுது வே" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்.

அது பாட்டுக்கு ஓடவில்லை. ஓட்டியவள் அவர் மனைவி சண்முகசுந்தரி.

பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்துமூன்று வருஷம் மனையியல் ஆசிரியையாக இருந்தவள். மனையியல் என்றால் தையலும் ஊறுகாயும் என்றுதான் ஊரின் எண்ணம். சுந்தரி அதை ஒப்புக்கொண்டதில்லை. அவளுக்கு மனையியல் என்றால் ரத்தம், எலும்பு, பல். இந்த மூன்றுக்கும் அம்புக்குறி போட்ட மனித உடல் படம் ஒன்றைத் தன் கையாலேயே வரைந்து வகுப்பில் மாட்டியிருந்தாள். கீரை சாப்பிட்டால் கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ வேண்டும், அப்போதுதான் இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி, தேயிலை கூடாது, ஒட்ட வந்த இரும்பை அது விரட்டிவிடும். எலும்புக்குப் பால், கேப்பை, எள், கொஞ்சம் வெயில். ரத்தத்துக்கு வேண்டிய ஒரு வைட்டமின் எந்தச் செடியிலும் கிடையாது, ஆகவே சைவக்காரர்கள் பாலையும் தயிரையும் விட்டால் வம்பு. பிள்ளைகள் அவளுக்கு முருங்கைக்கீரை டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்தது.

'வீட்டுப் பெண்கள் கடைசியில், மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தின் தீமைகள் யாவை?' ஐந்து மதிப்பெண். அநேகமாக ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேள்வி அவள் தாளில் வரும். ரத்தசோகை, எலும்பு மெலிவு, பல் இழப்பு என்று மூன்றையும் எழுதாதவர்களுக்கு முழு மதிப்பெண் கிடையாது. விடையில் ஒன்று குறைந்தாலும் சிவப்பு மையில் பக்கத்தில் ஒரு கோடு விழும்.

பள்ளியில் பாடம், வீட்டில் செய்முறை. செய்முறைக்கு அகப்பட்டவர் ஆவுடைநாயகம். காலையில் முளைகட்டின பாசிப்பயறு ஒரு கிண்ணம். எட்டு மணிக்கு எள்ளுப்பொடியோடு இட்லி. பதினோரு மணிக்கு நெல்லிக்காய்ச் சாறு. மதியம் கீரை, கூட்டு, கெட்டித் தயிர். இரவு கேப்பைத் தோசை, ஒரு டம்ளர் பால். நாற்பத்துநாலு வருஷம், வாரத்துக்கு ஏழு நாள். அவருக்கு இதில் ஒரே மனக்குறைதான் உண்டு.

"சாப்பிட்ட வாயோட ஒரு வாய் காப்பி குடிச்சா என்ன, குடியா முழுகிப் போயிரும்?"

"ஒரு மணி நேரம் கழியட்டும் அத்தான். தின்ன கீரையெல்லாம் வீணாப் போயிரும்."

இதைச் சொல்லும்போது அவள் கையில் காப்பி டம்ளர் இருக்கும். அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, நின்றபடியே குடிப்பாள். ஆவுடைநாயகம் அந்த டம்ளரைத் தினமும் பார்த்தார். கவனித்ததில்லை.

அவள் எப்போது சாப்பிடுவாள் என்பது அவருக்குத் தெரியாத விஷயங்களில் ஒன்று. அவர் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருக்கும்போது பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆகவே சாப்பிட்டிருப்பாள் என்பது அவர் அனுமானம். திங்கள் விரதம், வெள்ளி விரதம், கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம். ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முழுகிவிட்டு, ஒருவேளைப் பாலும் பழமும். விரதம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் பாவம். உலகத்தில் இவ்வளவு வசதியான பட்டினி வேறு கிடையாது. "என் தம்பி பொண்டாட்டிக்கு வயிறுன்னு ஒண்ணே கிடையாது" என்று ஆவுடைநாயகத்தின் அக்கா சொர்ணாம்பாள் நாலு பேர் முன்னால் சொல்வாள். பாராட்டாகத்தான் சொல்வாள்.

ஓய்வு பெற்ற பிறகு சுந்தரிக்கு மாடிப்படி மூச்சு வாங்கியது. உள்ளங்கால் மரத்துப் போனது. பச்சரிசியை ஒரு கை அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மெல்லும் பழக்கம் ஒன்று எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டது. ரத்தத்தில் இரும்பு வற்றினால் அரிசி, மண், சாம்பல் மீது இப்படி ஆசை வரும் என்பது அவளே நடத்திய பாடம். ஆவுடைநாயகம் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்தார். பிறகு பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழவும் அந்த நறநறவும் நின்றது. பல்செட் கட்டினார்கள். ஈறைக் கடிக்கிறது என்று ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தாள். அதன் பிறகு சிரித்தால் சேலைத் தலைப்பு வாய்க்கு வந்துவிடும். இந்த வயசில் என்ன வெட்கம் என்று அவர் கேலி செய்வதுண்டு.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, அவர் பயறு மென்றுகொண்டிருந்தார். அடுக்களையில் சுந்தரி இட்லிச் சட்டியை இறக்கத் திரும்பினாள். டக்கென்று ஒரு சத்தம். மென்றுகொண்டிருந்ததால் எது எதன் சத்தம் என்று அவருக்கு முதலில் பிரியவில்லை. விழுந்ததால் எலும்பு ஒடியவில்லை, ஒடிந்ததால் விழுந்தாள். அப்படித்தான் பாளையங்கோட்டை மருத்துவமனையில் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் கழுத்து.

எலும்பு மருத்துவர் நேராகப் பேசுகிறவர். "பந்து மூட்டை மாத்தணும். இந்த வயசுல எவ்வளவு நாள் படுக்கைல கிடக்காங்களோ அவ்வளவுக்கு ஆபத்து. நுரையீரல்ல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும். ரெண்டு நாளுக்குள்ள செய்யணும். ஆனா இந்த ரத்தத்தோட நான் கத்தி வைக்க முடியாது." ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி ஒன்பது. இருதயம் இளைத்திருந்ததால் ரத்தத்தையும் மடமடவென்று ஏற்ற முடியாது. நாளுக்கு ஒரு பை, சொட்டுச் சொட்டாக. ரத்தம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. அணுக்களின் அளவைப் பார்த்தால் எந்தக் குறை என்று தெரியும் என்பார்கள். இவளுக்கோ அளவு சராசரியாக இருந்தது. ஒரு குறை அணுவைச் சிறிதாக்கும், இன்னொன்று பெரிதாக்கும். இரண்டும் ஒருத்தியிடமே இருந்தால் அறிக்கையில் சராசரி ஒழுங்காகவே காட்டும் என்பது பின்னால்தான் விளங்கியது.

அன்று மதியம் உணவு ஆலோசகர் படிவத்தோடு வந்தாள். வந்தவள் சங்கரி. சுந்தரியிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவள். அந்த அம்புக்குறிப் படத்தைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கே போனவள்.

"டீச்சர், என்னத் தெரியுதா? சங்கரி."

"கடைசி பெஞ்சு. மார்ஜின் விடாம எழுதுவ."

சங்கரிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தாள். "ஒரு நாள்ல என்னென்ன சாப்பிடுதியன்னு காலைல இருந்து சொல்லுங்க டீச்சர்."

சுந்தரி வலியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். முளைகட்டின பயறு ஒரு கிண்ணம். இட்லி நாலு, எள்ளுப்பொடி. நெல்லிக்காய்ச் சாறு. மதியம் கீரை, கூட்டு, கெட்டித் தயிர். உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் காப்பி இல்லை. இரவு கேப்பைத் தோசை, பால். வகுப்பில் நோட்ஸ் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சங்கரியும் அந்தக் காலத்துப் பழக்கத்தில் அப்படியே எழுதினாள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற ஆவுடைநாயகத்துக்கு, கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ஆள் மட்டும் வேறு. அது அவருடைய நாள்.

"இன்னமும் அப்படியே இருக்கிய டீச்சர்," என்றாள் சங்கரி.

அவர் வாயைத் திறக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். ஆள் வந்தாச்சா, கைநாட்டு வைத்தாச்சா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. எழுதிக் கொடுத்தது உண்மையா என்று கேட்பது அல்ல. அதோடு, மாணவி முன்னால் டீச்சரைத் திருத்துவது நாகரிகமா?

படிவம் மருத்துவர்களிடம் போனது. நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்கு ரத்தம் இவ்வளவு குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நியாயமான முடிவுதான். மறுநாள் வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள், புண் இல்லை. அடுத்தது பெருங்குடல். அதற்காக ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டு, மருந்துத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒடிந்த இடுப்போடு அவளைப் புரட்டிப் புரட்டித் துடைத்தார்கள். பட்டினியை மட்டும் அவள் கஷ்டமாக நினைக்கவில்லை.

அன்று மதியம், ரத்தப் பை பாதி இறங்கியிருந்த நேரம், அவர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டார்.

"அது நான் சாப்பிடுததுல்லா, நீ சொன்னது."

"நம்ம வீட்டுச் சமையல்தான. அதுல என்ன பொய்யி."

"நீ என்ன சாப்பிடுதன்னுல்லா அந்தப் பிள்ள கேட்டுது."

சுந்தரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "என்கிட்ட படிச்ச பிள்ள அத்தான் அது. அதுகிட்டப் போயி என்னத்தச் சொல்லச் சொல்லுதிய."

"டாக்டரு எங்கன ஒழுகுதுன்னு தேடிக்கிட்டு இருக்காரு."

"தேடட்டும். நீங்க சொல்லிராதிய."

சொல்லமாட்டேன் என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர் என்று அவருக்கு ஊரில் பெயர். அதைக் காப்பாற்றத் தேர்ந்தெடுத்த சந்தர்ப்பம் இது. இன்னொன்றும் இருந்தது, அதை அவர் தன்னிடமே மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டார்: சொல்வது என்றாலும் எதைச் சொல்வது? அவள் என்ன சாப்பிடவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பெருங்குடலிலும் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் விஷயத்தை உடைத்தது சாப்பாட்டுத் தட்டு. டீச்சருக்குப் பிடித்தது என்று சங்கரியே பார்த்துப் பார்த்து முளைப்பயறும் சப்பாத்தியும் அனுப்பியிருந்தாள். தட்டு இரண்டு தடவை அப்படியே திரும்பி வந்ததும், நேரில் வந்து நின்றாள்.

"வாயக் கொஞ்சம் திறங்க டீச்சர்."

"எதுக்கு?"

"திறங்க."

மேலே நாலு, கீழே மூன்று. ஒன்றுக்கு நேராக ஒன்று இல்லாத ஏழு பல். சங்கரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இத வச்சு எப்படி டீச்சர் தினமும் பயறு மென்னிய?"

சுந்தரி தலைப்பை வாய்க்கு இழுத்துக்கொண்டாள். சங்கரி ஆவுடைநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், டீச்சர் வீட்டுல என்ன சாப்பிடுவாங்க?"

"தெரியாதும்மா," என்றார். படிவத்தில் சேர்ந்த முதல் உண்மை அதுதான்.

"நாப்பது வருஷமா ஒரே வீட்டுலதான சார் இருக்கிய?"

"நாப்பத்திநாலு."

"உங்க வீட்டுக்குப் பூனை வருமா?"

"பக்கத்து வீட்டுப் பூனை வரும்."

"அது என்ன திங்கும்?"

"பாலு. தயிர்ச்சோறு வச்சா மேல மட்டும் நக்கும். பருப்பு போட்டா மோந்துட்டுப் போயிரும்." கடகடவென்று சொல்லிவிட்டு நிறுத்தினார். சங்கரி படிவத்தில் புதுப் பக்கம் திருப்பினாள். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அவுகள விடு," என்றாள் சுந்தரி. "எழுதிக்கோ."

இந்தத் தடவை நிறுத்தாமல் சொன்னாள். காலையில் காப்பி, சீனி மூன்று கரண்டி. எட்டு மணிக்கு இன்னொரு காப்பி. பத்து மணிக்குக் காப்பியில் ரஸ்க்கு நனைத்து. மதியம் இரண்டு கரண்டிச் சோறு, ரசம். மோர், அதாவது தயிர்ச் சட்டியைக் கழுவின தண்ணீர். அது முடிந்ததும் காப்பி. சாயங்காலம் காப்பி. இரவு மாவு மிஞ்சினால் ஒரு தோசை, சீனி தொட்டு, மிஞ்சாவிட்டால் ரஸ்க்கு. பால் அவருக்குக் கெட்டியாக எடுத்தது போக இருப்பது. கீரை மிஞ்சாது, அவருக்கு ரொம்பப் பிடிக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விரதம்.

"ஏன் டீச்சர்?" என்று கேட்டாள் சங்கரி. கேட்டவள் உணவு ஆலோசகர் அல்ல, கடைசி பெஞ்சுப் பிள்ளை.

"முதல்ல எங்க அத்தை இருந்தாவ. அவுக சாப்பிடுததுக்கு முந்தி நான் உக்கார முடியாது. பொறவு சுந்தர் பொறந்தான், அவனுக்கு ஊட்டவே நேரம் சரியாப் போச்சு. பொறவு," என்று யோசித்தாள். "பொறவு பசிக்கல."

"அஞ்சு மார்க் கேள்வில்லா டீச்சர் இது."

"விடை தெரியும்ட்டி. தெரியாமலா நடத்துனேன்."

மாலையே, எந்தச் செடியிலும் கிடைக்காத அந்த வைட்டமினின் அளவைப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இரும்பும் அப்படியே. ஊசி போட்டார்கள், இரும்பை நரம்பு வழியே ஏற்றினார்கள், சோற்றைக் குழைத்துப் பருப்பும் கெட்டித் தயிரும் போட்டுச் சங்கரியே எதிரில் உட்கார்ந்து ஊட்டினாள். சுந்தரி நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டாள். ரத்தம் ஒன்பதைத் தொட்ட ஏழாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. வெளியே வந்த எலும்பு மருத்துவர், "எலும்பா அது, நனைஞ்ச பிஸ்கட்டு மாதிரி இருக்கு. எப்படியோ மூட்டை உக்கார வச்சிருக்கோம்," என்றார். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் சுந்தர், அம்மாவுக்கு எப்போதிருந்து இப்படி என்று அப்பாவைக் கேட்டான். அவருக்கு அதுவும் தெரியவில்லை.

பதினோராம் நாள் காலை ரத்த அறிக்கையில் பத்து புள்ளி ஒன்று என்று வந்தது. புது அணுக்கள் மளமளவென்று பிறக்கின்றன என்று சங்கரி காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சுந்தரி கண்ணாடியைக் கேட்டு வாங்கி, போட்டுப் படித்துப் பார்த்தாள். மத்தியானத்துக்கு முன்னால் மூச்சு வாங்கியது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. அரை மணி நேரம்கூட இல்லை. இத்தனை வருஷம் இல்லாத ரத்தத்தால் பட்டவள், கடைசியில் ஊறத் தொடங்கிய ரத்தத்தால் போனாள்.

முதல் நாளே உண்மை தெரிந்து, மூன்று நாள் முந்தியே ஆபரேஷன் நடந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று ஆவுடைநாயகம் கேட்டார். "சொல்ல முடியாது சார். அப்பவும் இப்படி ஆகியிருக்கலாம்," என்றார் மருத்துவர். ஆறுதலுக்குச் சொன்னாரா, மருத்துவமாகச் சொன்னாரா என்பதை அவர் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் படையல். போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைக்க வேண்டும். முந்தின நாள் சொர்ணாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏல ஆவுட, சுந்தரிக்கு என்னல பிடிக்கும்?"

அவர் யோசித்தார். தேங்காய்ப்பால் சொதி? அது தனக்கு. உளுந்தஞ்சோறு மகனுக்கு. அதிரசம் கேட்டு வாங்கித் தின்கிறவள் எதிரே நிற்கிற அக்காதான்.

"அம்மாவுக்குப் புட்டு பிடிக்கும்னு நினைக்கேன்," என்றான் சுந்தர்.

"அது உனக்கு," என்றாள் சொர்ணாம்பாள்.

"காப்பி," என்றார் ஆவுடைநாயகம்.

"காப்பி வைக்கேன். திங்குததச் சொல்லு."

"பச்சரிசி."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதத்தான் அன்னைக்கே வாய்க்கரிசியாப் போட்டாச்சே."

கடைசியில், அவள் கைக்கு நன்றாக வரும் என்று எல்லாருக்கும் தெரிந்த சொதியையே வைத்தார்கள். இஞ்சித் துவையல், அவியல், கீரை, கெட்டித் தயிர். இலை ஓரத்தில் ஒரு டம்ளர் காப்பி. விளக்கேற்றி, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்கள். திறந்தபோது இலை வைத்தபடியே இருந்தது. அவர் அதில் அதிசயம் எதையும் காணவில்லை.

முதல் பந்தியில் அவரை உட்கார வைத்தார்கள். சொதி நன்றாக இருந்தது. அப்பளத்தை நொறுக்கினார். இஞ்சித் துவையலை நக்கினார். முப்பத்தோரு பல்லும் தத்தம் வேலையைச் செய்தன. கை கழுவிவிட்டு வந்ததும் சொர்ணாம்பாள் ஆவி பறக்கக் காப்பியை நீட்டினாள்.

"ஒரு மணி நேரம் கழியட்டும்க்கா," என்றார்.

"கலந்தாச்சுல்லா, ஆறிப் போயிரும்," என்றபடி அவள் அடுக்களை நிலையில் சாய்ந்து, அந்தக் காப்பியைத் தானே குடிக்கத் தொடங்கினாள். உள்ளே இன்னும் இரண்டு பந்திக்குப் பரிமாற வேண்டியிருந்தது.

அவர் டம்ளரைப் பார்த்தார்.

"சாப்பிட்டியாக்கா?"

"பைய சாப்பிடுதேன். எனக்கு என்ன அவசரம்," என்றாள் சொர்ணாம்பாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற."